போன ஃபைல் வருமா? கணினி கேள்வி பதில்

தொலைந்த ஃபைல்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

பிஎச்.டி. ஆய்வேடு இருந்த ஃபோல்டரை ஷிஃப்ட் டிலீட் கொடுத்து அழித்துவிட்டேன். 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள புது லேப்டாப், விண்டோஸ் 11. இரண்டு ரிகவரி மென்பொருள்களை இறக்கி ஓட்டிப் பார்த்தேன். ஃபைல் பெயர் வருகிறது, அளவும் சரியாக இருக்கிறது. திறந்தால் 'கரப்ட்' என்கிறது. இதைவிட நல்ல மென்பொருள் எது?
*– ஆய்வு மாணவி, நாகர்கோவில்*

குறை மென்பொருளில் இல்லை. விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஃபைலின் பெயர், அளவு, அது டிரைவில் எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். நீங்கள் அழிக்கும்போது அந்தப் பதிவின் மேல் 'இந்த இடம் காலி' என்று குறி விழுகிறது, அவ்வளவுதான். பட்டாவில் பெயர் நீங்கிவிட்டது, வீடு இடிபடவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை வீடு நிற்கும்; ரிகவரி மென்பொருள் போய் எடுத்துவந்துவிடும்.

எஸ்எஸ்டியில் பட்டா போன கையோடு புல்டோசரும் வந்துவிடுகிறது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல், ஃபைலை அழித்ததும் 'இந்தப் பகுதி இனி வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். அதன்பின் அந்த இடத்தைப் படிக்கப்போனால் எஸ்எஸ்டி வெறும் பூஜ்யங்களைத்தான் நீட்டும். உங்களுக்குப் பெயரும் அளவும் வந்தது பதிவேட்டிலிருந்து. உள்ளே சரக்கு இல்லை. சந்தேகமிருந்தால் மீட்ட ஃபைலை எச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. முதல் இரண்டு எழுத்து 'பிகே' என்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் முதலிலிருந்து கடைசிவரை 00 00 என்று ஓடினால், காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் அதே பூஜ்யத்தைத்தான் எடுத்துத் தரும்.

ஆகவே டிரைவைத் தோண்டுவதை நிறுத்திவிட்டு, பிரதி வேறு எங்கே இருக்கும் என்று தேடுங்கள். அழிந்த ஃபோல்டர் இருந்த மேல் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' பாருங்கள்; சிஸ்டம் புரொடக்‌ஷனோ ஃபைல் ஹிஸ்டரியோ ஓடிக்கொண்டிருந்தால் பழைய பதிப்பு இருக்கலாம். ஒன்டிரைவை உலாவியில் திறந்து அதன் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை இருக்கும். உங்களுக்குத் தெரியாமலே டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டிருப்பது விண்டோஸ் 11இல் சகஜம். பிறகு நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், தோழிக்கு வாட்ஸ்அப்பில் போட்ட அத்தியாயங்கள், பிரிண்ட் எடுத்த கடையின் கணினி, கருத்துத்திருட்டுச் சோதனைக்காக நூலகத்தில் கொடுத்த பிரதி. பிடிஎஃப் மட்டும் கிடைத்தாலும் வேர்டில் நேரடியாகத் திறக்கலாம். அடிக்குறிப்புகள் குலையும். உழைப்பு முக்கால்வாசி தப்பும்.

இதே விபத்து ஹார்ட் டிஸ்க்கில் நடந்திருந்தால் செய்ய வேண்டியது வேறு. உடனே கணினியை அணைக்க வேண்டும். சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே உலாவியும் விண்டோஸ் அப்டேட்டும் காலி இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி-சாட்டா கேபிள் வழியாக வேறு கணினியில் மாட்டி, மீட்பவற்றை மூன்றாவது ஒரு டிஸ்க்கில் இறக்க வேண்டும். ரிகவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதுதான் பலர் செய்யும் தவறு. தேடும் ஃபைலின் தலைமேலேயே அது போய் உட்கார வாய்ப்பிருக்கிறது.

திருமணப் படம் எடுத்த 64 ஜிபி கார்டை, நகலெடுத்தாயிற்று என்று நினைத்து கேமராவில் ஃபார்மட் செய்துவிட்டார் உதவியாளர். அதில் மேலும் 40 படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஏதாவது மிஞ்சுமா?
*– ஸ்டுடியோ உரிமையாளர், காரைக்குடி*

நிறையவே மிஞ்சும். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டை இப்போதே 'லாக்' பக்கம் தள்ளுங்கள். மைக்ரோ கார்டு என்றால் பூட்டு அதன் அடாப்டரில் இருக்கும். கேமராவின் சாதாரண ஃபார்மட் பதிவேட்டை மட்டுமே புதிதாக எழுதுகிறது, படங்கள் அப்படியே கிடக்கும். 'லோ லெவல் ஃபார்மட்' என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால் மட்டும் நம்பிக்கை குறைவு.

ஃபார்மட் ஆன கார்டில் கேமரா பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே எழுதும். ஒரு படம் 25 எம்பி என்றால் 40 படத்துக்கு 1 ஜிபி. ஆக, முதலில் எடுத்த மாப்பிள்ளை அழைப்புப் படங்களில் கொஞ்சம் போயிருக்கும். முகூர்த்தம் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் கார்டு முழுவதையும் ஒரே ஃபைலாகப் படியெடுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருளில் கார்டைத் தேர்ந்து 'ரீட்' அழுத்தினால் போதும். 'ரைட்' பொத்தான் பக்கமே கை போகக்கூடாது. கணினியில் 64 ஜிபி காலி இடம் வேண்டும். இனி கார்டை எடுத்து உறையில் போட்டுவிடலாம். தேடுவதெல்லாம் படியில்தான், எத்தனை முறை சொதப்பினாலும் அசல் பத்திரம்.

அடுத்து, பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக். இலவசம்; டெஸ்ட்டிஸ்க் என்ற பொதியோடு சேர்ந்தே வரும். நிறுவத் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்து க்யூஃபோட்டோரெக்கை ஓட்டலாம். 'ஆட் ரா டிஸ்க் இமேஜ்' மூலம் படியைக் காட்டுங்கள். கீழே இரண்டு தேர்வுகள் இருக்கும். 'ஃப்ரீ' காலி இடத்தை மட்டும் தேடும், 'ஹோல்' எல்லாவற்றையும் தேடும். ஃபார்மட் ஆன கார்டுக்கு 'ஹோல்' எடுங்கள். 'ஃபைல் ஃபார்மட்ஸ்' பட்டியலில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, உங்கள் கேமராவின் ரா வகை, ஜேபிஜி, வீடியோ வகை மூன்றை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் குப்பை வந்து விழும்.

ஃபோட்டோரெக் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் எந்தக் குறியோடு தொடங்கும் என்பது அதற்குத் தெரியும், அந்தக் குறிகளைத் தேடி எடுக்கிறது. அதனால் பழைய பெயர் வராது. 'எஃப்' என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாகத்தான் வரும், ஒரு ஃபோல்டருக்கு 500 வீதம். படம் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால் 'டேட் டேக்கன்' வரிசையில் அடுக்கினால் சடங்கு வரிசை திரும்பிவிடும்.

வீடியோதான் தொல்லை. எம்பி4 ஃபைலுக்கு உள்ளே ஓர் அட்டவணை உண்டு. பல கேமராக்கள் அதைப் பதிவு முடிந்த பிறகு கடைசியில்தான் எழுதும். ஃபைல் துண்டுதுண்டாகக் கிடந்தால் ஃபோட்டோரெக்கால் ஒட்ட முடியாது. அட்டவணை இல்லாத வீடியோவுக்கு அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு அதே கேமராவில், அதே ரெசல்யூஷனில், அதே ஃப்ரேம் வேகத்தில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்ட வேண்டும். பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்து நின்ற வீடியோவுக்கும் இதுவே வைத்தியம்.

இரண்டு கார்டு போடும் இடம் உங்கள் கேமராவில் இருந்தால், மெனுவில் 'ஓவர்ஃப்ளோ' என்றிருப்பதை 'பேக்கப்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதியும்.

மேஜையில் ஓடிக்கொண்டிருந்த 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தது. இப்போது மாட்டினால் 'டக் டக்' என்று சத்தம், கணினி காட்டவில்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்கிறார்களே?
*– வாசகர், திருப்பூர்*

வைக்காதீர்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் அதன் மேல் ஈரம் படியும்; திருப்பூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரத்தோடு தட்டு சுழன்றால் எஞ்சியதும் போகும். அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதனால் அரிசிதான் வீண்.

டிஸ்க்குக்குள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. படிக்கும் முனை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் முனை தட்டில் மோதி வளைந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். தான் எங்கே நிற்கிறோம் என்று தட்டில் உள்ள அடையாளங்களைப் படிக்க முடியாமல், திரும்பித் திரும்பி ஓரத்துக்குப் போய் முயல்கிறது. 'டக் டக்' அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் உடைந்த முனை தட்டைக் கீறுகிறது. கீறிய இடத்தில் காந்தப் பூச்சு தூளாகிப் போகும். அதை எந்த ஆய்வகமும் திரும்பக் கொடுக்க முடியாது. ஆகவே இனி ஒரு முறைகூட மாட்ட வேண்டாம். வீட்டில் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

இதற்கு ஒரே வழி, தூசியற்ற அறை உள்ள மீட்பு ஆய்வகத்தில் முனைத் தொகுதியை மாற்றுவது. அதே மாடல் டிஸ்க் இன்னொன்றை வாங்கி அதன் முனையை எடுத்துப் பொருத்துவார்கள். கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனைக்குத் தனிக் கட்டணமா? மீட்ட ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டுமுன் காட்டுவார்களா? மீட்பு தோற்றால், வாங்கிய டிஸ்க்கின் விலை யார் தலையில்? உங்கள் சம்மதம் இல்லாமல் திறப்பார்களா? ஒருவர் திறந்து கைவிட்ட டிஸ்க்கை இரண்டாவது ஆய்வகம் எடுக்கத் தயங்கும். முதலிலேயே நல்ல இடமாகப் பாருங்கள்.

கீழுள்ள பச்சை போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சும்மா மாற்றினால் ஓடாது. அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள எட்டுக்கால் சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்துப் புது போர்டில் வைக்க வேண்டும். சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யூஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், தகவலையும் அந்த போர்டே சங்கேதமாக்கித்தான் எழுதும். அந்த வகையில் போர்டைத் தொலைத்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் பயனில்லை.

சத்தம் இல்லாமல், மிக மெதுவாக மட்டும் படிக்கும் டிஸ்க் வேறு கதை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்றால் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த கெட்ட இடங்கள். சி5 என்றால் படிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள். சி6 என்றால் படிக்கவே முடியாது என்று கைவிட்டவை. சி5 ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே நகலெடுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, கேபிளை மாற்றுங்கள்.

அப்படி நோயில் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிரைவைத் 'திருத்துகிறேன்' என்று எழுதத் தொடங்கும். லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூதான் சரியான கருவி. முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைத் தாண்டி, நன்றாகப் படிக்கிற எல்லாவற்றையும் நகலெடுக்கும். அடுத்த ஓட்டத்தில்தான் விடுபட்ட இடங்களைத் தோண்டும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அந்த ஃபைல் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறந்தால், நடுவில் கரண்ட் போனதும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்ததிலிருந்து பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது.
*– கல்லூரி மாணவர், விருதுநகர்*

ஃபைல்கள் அழியவில்லை, ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள், கிளிக் செய்தால் வைரஸ் உங்கள் கணினிக்கும் ஏறும். முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியில் பென் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பென் டிரைவின் எழுத்துக்குப் போய், 'அட்ரிப்' கட்டளையோடு மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், அதன்பின் எல்லா ஃபைலுக்கும் சேர்த்து நட்சத்திரக் குறி, ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி என்று இடைவெளி விட்டு அடித்தால் ஃபோல்டர்கள் தலைகாட்டும். ஃபைல்களை நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிடிஎஃப் மட்டும் போட்ட தனி பென் டிரைவை எடுத்துப்போங்கள்.

லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?
*– வாசகி, கோயம்புத்தூர்*

விண்டோஸே போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த பல புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாக விழுகிறது. சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. உலாவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் ரிகவரி கீ பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் ஒத்துப்போகும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பை முதலில் அமைத்துக்கொடுத்தது கடைக்காரரோ மகனோ என்றால், சாவி அவர்கள் கணக்கில் இருக்கும். எங்கேயும் இல்லை என்றால் அந்த எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்து புதிதாகப் பயன்படுத்தலாம், உள்ளிருப்பது வராது. லேப்டாப் நன்றாக இருக்கும் மற்றவர்கள் இன்றே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அச்சகக் கணினியில் எல்லா ஃபைலுக்கும் பின்னால் நான்கு எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் 'ரீட்மீ' கிடக்கிறது.
*– அச்சக உரிமையாளர், சிவகாசி*

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். மாட்டியிருக்கும் எல்லா எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கழற்றுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் ஸ்டாப்-டிஜேவியூ என்ற குடும்பத்தோடு ஒத்துப்போகிறது. 'கிராக்' செய்த மென்பொருளோடு சேர்ந்து வருவதே அதன் வழக்கம். கிராக் போட்ட டிசைன் மென்பொருள் ஏதாவது அண்மையில் இறக்கினீர்களா என்று பணியாளரைக் கேட்டுப் பாருங்கள், திட்டாமல்.

அந்த ரீட்மீயில் உள்ள பெர்சனல் ஐடியின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். 'டி1' என்று முடிந்தால், உங்கள் ஃபைல்கள் பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டப்பட்டவை. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவச மென்பொருளிடம் அந்தச் சாவி இருந்தால் திறந்துவிடும். வேறு எழுத்தில் முடிந்தால் சாவி உங்களுக்கென்றே தனியாக உருவாக்கப்பட்டது, அது திருடர்களிடம் மட்டுமே இருக்கிறது. அப்போதும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. வேகத்துக்காக இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. அதனால் பெரிய வீடியோக்களையும், பல ஃபைல் அடங்கிய பெரிய ஜிப்களின் பின்பகுதியையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். சின்ன கோரல்டிரா ஃபைல்கள் வராது. அவற்றுக்காக வாடிக்கையாளர்களுக்கு ப்ரூஃப் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேடுங்கள்.

வேறு குடும்பமாக இருந்தால், 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பூட்டிய ஃபைல் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரு பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய தளம் அது. விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு முன் பூட்டிய ஃபைல்களையும் ரீட்மீயையும் ஒரு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள், சாவி பின்னால் வெளிவரலாம். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரும் பதியுங்கள். பணம் கட்டச் சொல்லமாட்டோம். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்தபின் அதிலிருந்த படங்களை மீட்க முடியுமா?
*– வாசகர், கும்பகோணம்*

இப்போதைய ஆண்ட்ராய்டில் முடியாது. ஆண்ட்ராய்டு 10உடன் வந்த ஃபோன்கள் முதல் உள் சேமிப்பு முழுக்கச் சங்கேதமாகவே எழுதப்படுகிறது. ரீசெட் செய்தால் சாவி அழியும். கூகுள் ஃபோட்டோஸில் பார்க்கவும். பேக்கப் ஆன படத்தை அழித்திருந்தால் டிராஷில் 60 நாள் இருக்கும்.

எங்கள் கணக்கு அலுவலகத்தில் மூன்று கணினிகள், டேலி பிரைம். தினமும் மாலை டேட்டா ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுக்கிறோம். டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே மாட்டியிருக்கும். இது போதுமா?
*– கணக்காளர், ஈரோடு*

போதாது. தினமும் எடுப்பது நல்ல பழக்கம், ஆனால் நான்கு இடத்தில் ஓட்டை இருக்கிறது.

டிஸ்க் எப்போதும் மாட்டியே இருக்கிறது. மேலே சிவகாசிக்காரருக்கு வந்தது உங்களுக்கு வந்தால் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும். மின்னல் அடித்தாலும் இரண்டும் ஒன்றாகப் போகும். 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி, அ, ஆ என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு வாரம் அ அலுவலகத்தில், ஆ உங்கள் வீட்டில். சனிக்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். நகலெடுக்கும் பத்து நிமிடம் தவிர டிஸ்க் பீரோவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, யாராவது ஒருவர் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஃபோல்டரை நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும். ரீஸ்டோர் செய்யும் அன்றுதான் அது தெரியும். எல்லோரும் கம்பெனியை மூடிய பிறகு, டேலிக்குள்ளேயே ஆல்ட் ஒய் அழுத்தி 'பேக்கப்' கொடுங்கள்.

மூன்றாவது, பழைய நகலின் மேலேயே புதியதை எழுதுவது. மார்ச் மாதம் யாரோ தவறுதலாக ஒரு லெட்ஜரை மாற்றியது ஜூனில் தெரியவந்தால் உங்களிடம் நேற்றைய நகல்தான் இருக்கும். தேதியிட்ட ஃபோல்டர் போடுங்கள். கடைசி ஏழு நாள், கடைசி ஐந்து சனிக்கிழமை, கடைசி பன்னிரண்டு மாத முடிவு, இவை போக ஒவ்வொரு நிதியாண்டு முடிவும். ஜிஎஸ்டி சட்டம் கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டு. உங்கள் வாடிக்கையாளர்களில் கம்பெனிகள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்றுதான் இருந்தது.

விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் 'மிர்' என்ற சொல்லைச் சேர்த்து பேட்ச் ஃபைல் எழுதித் தரும் சர்வீஸ்காரர்கள் உண்டு. அது பிரதிபலிப்பு. மூலத்தில் ஒரு ஃபோல்டர் அழிந்திருந்தால் நகலிலும் அழிக்கும். மூலமும் இலக்கும் தப்பித்தவறி இடம் மாறினால், காலி டிஸ்க்கைப் பார்த்து உங்கள் சர்வரைக் காலி செய்துவிடும். பேட்ச் ஃபைலைத் திறந்து அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது ஓட்டைதான் பெரியது: ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரவு வேலையில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பை எடுக்கப் போனால், டேட்டாபேஸின் பதிப்பு ஒன்று, பேக்கப் கருவியின் பதிப்பு வேறு. நகல் எடுக்கப்படவே இல்லை. 'தோற்றுவிட்டது' என்று சொல்லவேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. மென்பொருள் எழுதுவதே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள்.

நீங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை, வேறு கணினியில், காலி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். ஓடுகிற டேட்டா ஃபோல்டரின் மேல் ஒருபோதும் செய்யாதீர்கள். பிறகு ஏதாவது ஒரு கம்பெனியைத் திறந்து, கடைசி வவுச்சர் எண்ணையும் டிரையல் பேலன்ஸ் கூட்டுத்தொகையையும் அசலோடு ஒப்பிடுங்கள். இருபது நிமிட வேலை.

மூன்றாவது நகல் ஊருக்கு வெளியே, அதாவது கிளவுடில் இருக்கட்டும். 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 கடவுச்சொல் போட்டு, 'ஃபைல் பெயர்களையும் மறை' என்பதையும் டிக் செய்து ஏற்றுங்கள். கடவுச்சொல் ஒரு காகிதத்தில் லாக்கரில் இருக்க வேண்டும். கணினிக்குள் இருந்தால் கணினியோடு போகும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்ற இந்த 3-2-1 கணக்கைப் பிரபலமாக்கியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். ஒன்று மட்டும் இதில் அடங்காது: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். அதன் ரகசியச் சாவி வெளியே வராதபடிதான் செய்யப்பட்டிருக்கிறது. தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

பேக்கப்புக்கு இணையத்தில் மலிவாக வரும் 2 டிபி பென் டிரைவ் வாங்கலாமா?
*– வாசகர், ஓசூர்*

சில நூறு ரூபாய்க்கு 2 டிபி கிடையாது. உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோ இருக்கும், கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நிறையும்வரை நகலெடுப்பதும் நடக்கும், பெயரும் தெரியும், பிற்பாடு ஃபைல் திறக்காது. எந்த பென் டிரைவையும் கார்டையும் வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். லினக்ஸில் எஃப்3. நல்ல பென் டிரைவானாலும் அது தூக்கிப்போக மட்டுமே.

என் கோப்புகள் எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கின்றன. இதற்கு மேல் பேக்கப் எதற்கு?
*– ஆசிரியர், யாழ்ப்பாணம்*

உங்கள் கணினியில் அழித்தால் அங்கும் அழிகிறதல்லவா, அதற்குப் பெயர் ஒத்திசைவு, பேக்கப் அல்ல. டிரைவின் டிராஷில் 30 நாள் இருக்கும், அதன்பின் இல்லை. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கலாம். கணக்கே முடக்கப்பட்டால் உள்ளே போக வழியில்லை.

இலங்கை அரசின் கிளவுடுக்கு 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத்தீநிரல் தாக்கியதில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின; ஏறத்தாழ 5000 அரசு முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. அந்த மூன்று மாதத்துக்கும் மேலான காலத்துக்குத் துண்டித்துவைத்த நகல் இல்லை. தென்கொரியாவின் தேஜோனில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையம் பேட்டரி தீயில் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் கிளவுட் சேமிப்பான ஜி-டிரைவில் இருந்த 858 டிபி போனது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைத்திருக்கவில்லை.

உங்கள் அளவுக்கு இது எளிது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'கூகுள் டேக்அவுட்' மூலம் எல்லாவற்றையும் ஜிப்பாக இறக்கி, ஒரு டிஸ்க்கில் போட்டு, கேபிளைப் பிடுங்கி வையுங்கள்.

எங்கள் தமிழ் நூலகத்தின் ஸ்கேன் கோப்புகளை விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) நகலெடுத்தோம். சில கோப்புகள் மட்டும் 'பெயர் நீளம்' என்று நின்றுவிடுகின்றன. ஆங்கிலப் பெயர்கள் இதைவிட நீளம், அவை போகின்றனவே? 2002இல் தட்டச்சு செய்த சில கோப்புகளும் மீட்டபின் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கின்றன.
*– தன்னார்வலர், ரொறன்ரோ*

விண்டோஸ் பெயரை எழுத்துக் கணக்கில் 255 வரை விடும். நாஸ் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதற்கும் 255தான், ஆனால் பைட் கணக்கில். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. அதிலும் 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, 15 பைட். ஆக லினக்ஸில் ஒரு பெயருக்கு 85 குறியீடுதான் இடம். நாஸில் ஃபோல்டரைச் சங்கேதமாக்கியிருந்தால் வரம்பு இன்னும் சுருங்கும். பல பெட்டிகளில் 143 பைட், அதாவது 47 குறியீடு. 'திருவாசகம் மூலமும் உரையும் இரண்டாம் பகுதி' என்று பெயர் வைத்தாலே அந்த வரம்பில் எட்டு, ஒன்பது குறியீட்டுக்குத்தான் இடம் மீதமிருக்கும்.

நின்றுபோனவற்றின் பட்டியலை நகலெடுக்கும் மென்பொருளின் லாக் ஃபைலில் எடுங்கள். பெயரை 'எண், சுருக்கப் பெயர்' என்று மாற்றி, முழுத் தலைப்பை ஒரு எக்ஸெல் பட்டியலில் வையுங்கள். முடிந்ததும் இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மொத்த ஜிபியை மட்டும் பார்த்தால் விடுபட்ட பத்துக் கோப்பு கண்ணில் படாது.

குழம்பிக் கிடக்கும் கோப்புகள் கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்திருப்பதால் பாமினியாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஈழத்து அச்சகங்களில் அதுதான் புழங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கோப்பு என்றால் டாப், டாம், டிஸ்கியும் இருக்கலாம். வேர்டில் அந்தப் பத்தியைத் தேர்ந்து எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள், பிறகு என்எச்எம் கன்வர்ட்டரில் அந்தக் குறியாக்கத்தைக் கொடுத்து யூனிகோடாக மாற்றுங்கள். ஒரே கோப்பில் ஆங்கில வரிகளும் கலந்திருந்தால் அவற்றைத் தேர்விலிருந்து விலக்கிவிட்டு மாற்ற வேண்டும், இல்லையேல் ஆங்கிலமும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். பழைய கோப்பை அழிக்காதீர்கள்; மாற்றத்தில் ஸ்ரீயும் க்ஷவும் ஒற்றைக்கொம்பும் இடம் மாறியிருந்தால் சரிபார்க்க அதுதான் மூலம்.